ஒட்ட வேண்டிய நேரத்தில் ஒட்டாத அண்ணம்

உதடு பிளந்தோ, வாயின் மேற்கூரையான அண்ணம் திறந்தோ ஒரு குழந்தை பிறந்துவிட்டால், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தாயிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "கிரகணத்துல வெளிய வந்தியாம்மா? அருவாமனையத் தொட்டியா?" பாட்டியோ அத்தையோ கேட்பார்கள், கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி போதும், அந்தப் பெண் ஆயுளுக்கும் தன்னையே நொந்துகொள்வாள். முழுசாக இருந்த வாய் பிறகு எப்படியோ வெட்டுப்பட்டது என்ற எண்ணம்தான் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கருவில் மேல்வாய் முழுசாகத் தொடங்குவதே இல்லை. நம் எல்லோருக்குமே அது இடமும் வலமுமாக இரண்டு தனித் துண்டுகளாக இருந்தது. குறிப்பிட்ட சில நாட்களில் அவை நடுவில் வந்து சேர்ந்தன. சேராமல் நின்றுபோனதைத்தான் அண்ணப்பிளவு என்கிறோம்.

உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ பிளவுடன் பிறக்கிறது. இவ்வளவு பேருக்கு இந்த இணைப்பு தவறுவதற்குக் காரணம், அது நடக்கும் விதத்திலேயே இருக்கிறது.

முதலில் வாரக் கணக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ணுகிறார்கள். கருவியலில் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுவார்கள். இரண்டுக்கும் சுமார் 2 வார வித்தியாசம். இங்கே சொல்லப்படும் வாரங்கள் கருவின் வயது. கர்ப்பிணி அட்டையோடு ஒப்பிடுபவர்கள் 2 வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நான்காம் வாரத்தில் கருவின் முதுகுப் பக்கம், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்கிறது. மூடும் விளிம்பிலிருந்து ஒரு செல் கூட்டம் பிரிந்து முன்னோக்கி நகர்கிறது. இவற்றுக்கு நரம்பு முகட்டுச் செல்கள் என்று பெயர். முகத்தின் எலும்பு, குருத்தெலும்பு, இணைப்புத் திசு ஆகியவற்றில் பெரும்பகுதி இவற்றிலிருந்துதான் வருகிறது. இந்தச் செல்கள் போதுமான எண்ணிக்கையில் பெருகி, சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வழியிலேயே பல செத்துப்போனால் முகம் கட்டுவதற்கான சரக்கே குறைந்துவிடும். டிகாஃப்1 என்ற மரபணுப் பழுதால் வரும் ட்ரீச்சர் காலின்ஸ் நோயில் நடப்பது இதுதான். கன்ன எலும்பும் தாடையும் சிறுத்து, சிலருக்கு அண்ணமும் பிளந்திருக்கும்.

இந்தச் செல்கள் நிரம்பியதும் வருங்கால வாயைச் சுற்றி மேடுகள் எழுகின்றன. மூக்குப் பக்கமிருந்து இறங்கும் மேடுகளும், கன்னப் பக்கமிருந்து வரும் மேல்தாடை மேடுகளும் 5 முதல் 7ஆம் வாரத்துக்குள் சந்தித்து மேலுதட்டை உருவாக்குகின்றன. கூடவே முன்பக்க அண்ணமும் உருவாகிறது. மேல்வரிசையின் முன் நான்கு பற்களைத் தாங்கும் சிறிய முக்கோணத் துண்டு அது. அதற்குப் பின்னால் உள்நாக்கு வரை நீளும் மிச்சம் முழுவதும் வேறொரு நிகழ்ச்சி. நாக்கின் நுனியை முன்பற்களுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் ஒரு சின்னப் புடைப்பு தட்டுப்படும். இந்த இரண்டு அண்ணங்களும் சந்தித்த இடம் அதை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கிருந்து நாக்கைப் பின்னோக்கி இழுத்தால் நடுவில் ஒரு மெல்லிய கோடு தெரியும். இடமும் வலமும் சேர்ந்த தையல் அது. உதடு மட்டும் பிளந்த குழந்தையும், உதடு சரியாக இருந்து அண்ணம் மட்டும் திறந்த குழந்தையும் இருப்பதற்குக் காரணம், இவை வெவ்வேறு வாரங்களில் நடக்கும் வெவ்வேறு இணைப்புகள் என்பதே.

இனிப் பின்பக்க அண்ணம். ஆறாம் வாரத்தில் இரு மேல்தாடை மேடுகளின் உட்புறத்திலிருந்தும் ஒவ்வொரு தட்டு முளைக்கிறது. அந்த நேரத்தில் நாக்கு பெரிதாக, வாய்க்குழியை அடைத்தபடி மூக்குப் பகுதி வரை நிமிர்ந்து நிற்கிறது. அதனால் தட்டுகள் ஒன்றையொன்று நோக்கி வளர முடியாமல், நாக்கின் இரு பக்கமும் செங்குத்தாகக் கீழ்நோக்கி வளர்கின்றன.

எந்தத் தட்டும் தானாக வளர்வதில்லை. ஒவ்வொரு தட்டும் உள்ளே தளர்வான உள்திசு, வெளியே மெல்லிய மேல்தோல் என்று இரண்டு அடுக்கு. இந்த இரண்டும் இடைவிடாமல் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. செய்தி என்றால் செல்லிலிருந்து கசிந்து பக்கத்துச் செல்லின் ஏற்பியில் போய் உட்காரும் புரதம். உள்திசு எஃப்ஜிஎஃப்10 என்ற புரதத்தை வெளியிடுகிறது. மேல்தோல் செல்கள் எஃப்ஜிஎஃப்ஆர்2பி என்ற ஏற்பியால் அதைப் பிடிக்கின்றன. பிடித்ததும் மேல்தோல் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்கிறது. அது உள்திசுவுக்குத் திரும்பி வந்து, "பிரிந்து பெருகு" என்று சைக்ளின் டி போன்ற மரபணுக்களை முடுக்குகிறது. இந்தச் சுற்று எங்கே அறுந்தாலும் தட்டு குட்டையாக நின்றுவிடும். எஃப்ஜிஎஃப்10 இல்லாத எலியிலும், அதன் ஏற்பி இல்லாத எலியிலும் ஒரே விளைவாக அண்ணப்பிளவு வருவது அதனால்தான்.

தட்டின் முன்பாதிக்கு இன்னொரு காவலர் எம்எஸ்எக்ஸ்1 என்ற மரபணு. அது பிஎம்பி4 என்ற சமிக்ஞைப் புரதத்தின் அளவைப் பராமரிக்கிறது. எம்எஸ்எக்ஸ்1 நீக்கப்பட்ட எலிகளுக்கு அண்ணம் பிளந்திருக்கும். அதே எலிகளில் பிஎம்பி4-ஐ மட்டும் செயற்கையாக இயங்க வைத்தபோது அண்ணம் மூடியது. பழுதான மரபணு பழுதாகவே இருந்தும், அது அனுப்பியிருக்க வேண்டிய செய்தி மட்டும் போய்ச் சேர்ந்ததால் வேலை நடந்துவிட்டது. மரபணுவுக்கும் உறுப்புக்கும் இடையில் இருப்பது செய்திச் சங்கிலி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை குறைவு. மனிதர்களில் எம்எஸ்எக்ஸ்1 பழுதுள்ள சில குடும்பங்களில் அண்ணப்பிளவோடு சில நிரந்தரப் பற்கள் முளைக்காமலே போவதும் உண்டு, ஏனெனில் பல் முளைகளும் இதே செய்தியைத்தான் பயன்படுத்துகின்றன. பின்பாதியில் எம்எஸ்எக்ஸ்1 இயங்குவதில்லை, அங்கே மிஆக்ஸ்2, பார்எக்ஸ்1 என்று வேறு மரபணுக்கள். முன் அண்ணம் சரியாகி பின் அண்ணம் மட்டும் திறந்து நிற்பதற்கு இந்த வேலைப் பிரிவும் ஒரு காரணம்.

எட்டாம் வாரம் வரும்போது கீழ்த்தாடை முன்னோக்கி வளர்ந்து நாக்குக்கு இடம் கிடைக்கிறது. நாக்கு தாழ்கிறது. செங்குத்தாக நின்ற தட்டுகள் கிடைமட்டமாகின்றன. எலியில் இது சில மணி நேரத்தில் முடிந்துவிடும். தூக்கும் விசை எங்கிருந்து? தட்டுக்குள் ஹயலுரானிக் அமிலம் சேர்கிறது. தண்ணீரை ஏராளமாக இழுத்துப் பிடிக்கும் சர்க்கரைச் சங்கிலி அது. தட்டு உப்பி விறைக்கிறது. செல்களும் நார்களும் இடம் மாறி அதற்கு வடிவம் கொடுக்கின்றன. முன்பகுதி ஏறத்தாழ மடிந்து எழும்புகிறது. பின்பகுதியோ பக்கவாட்டில் பிதுங்கி உருமாறுகிறது.

இங்கே தவறுவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. கீழ்த்தாடை சிறுத்துப்போனால் நாக்கு இறங்காது, தட்டுகளுக்கு நடுவிலேயே நிற்கும். பியர் ராபின் தொடர் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அந்தக் குழந்தைகளுக்கு அகலமான, லாட வடிவப் பிளவு இருக்கும். நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும் ஆபத்தும் உண்டு, எனவே பிறந்ததுமே கவனிக்க வேண்டும். இரண்டாவது, தட்டின் தோல் பக்கத்திலுள்ள நாக்கோடு தவறாக ஒட்டிக்கொள்வது. மூன்றாவது, தாமதம். தட்டு காத்திருக்கும் நேரத்தில் தலை அகலமாகிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் தட்டுகள் சரியாக நிமிர்ந்தாலும் நடுவில் எட்டாது. பெண் கருவில் தட்டுகள் மூடுவதற்கு ஆண் கருவைவிட ஏறத்தாழ ஒரு வாரம் கூடுதலாக ஆகிறது. அண்ணம் மட்டும் பிளந்த குழந்தைகளில் பெண்கள் அதிகம் இருப்பதற்கு இதைக் காரணமாகச் சொல்கிறார்கள். உதடும் சேர்ந்து பிளந்தவர்களில் ஆண்கள்தான் அதிகம்.

இந்தத் தாமதக் கணக்கை முதலில் தெளிவாகக் காட்டியவர் கனடாவின் மாண்ட்ரியலில் இருந்த மரபியலர் கிளார்க் ஃபிரேசர். 1950களின் தொடக்கத்தில் அவரது குழு சினை எலிகளுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தது. 'ஏ' என்ற எலி வகையில் ஏறத்தாழ எல்லாக் குட்டிகளுக்கும் அண்ணம் பிளந்தது. இன்னொரு வகையில் ஐந்தில் ஒன்றுக்குத்தான். மருந்து ஒன்றே, பரம்பரை வேறு. 'ஏ' வகையில் தட்டுகள் இயல்பிலேயே தாமதமாக எழும்புபவை. ஏற்கெனவே விளிம்பில் நின்றதை மருந்து தள்ளிவிட்டது. மனிதர்களின் பிளவுகளிலும் பெரும்பாலானவை இப்படிப் பல சின்னக் காரணங்கள் கூடி எல்லையைத் தாண்டியதால் வருபவைதான்.

தட்டுகள் தொட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். இனிமேல்தான் எல்லாவற்றிலும் நுட்பமான கட்டம். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் மாங்கன்று ஒட்டுக் கட்டுபவர்களுக்கு இது உடனே புரியும். நெருக்கு ஒட்டில் இரண்டு தண்டுகளையும் பட்டையோடு சேர்த்துக் கட்டினால் எத்தனை மாதமானாலும் சேராது. இரண்டிலும் பட்டையைச் சீவி, பச்சைத் திசு பச்சைத் திசுவைத் தொடும்படி கட்டினால்தான் ஒட்டும். அண்ணத் தட்டுகளுக்கும் வெளியே தோல் இருக்கிறது. தோலுக்குத் தோல் சும்மா உரசினால் ஒட்டாது. ஒட்டவும் கூடாது. ஒட்டினால் உதடு உதட்டோடும் நாக்கு கன்னத்தோடும் சேர்ந்துவிடும். கத்தி இல்லாத இடத்தில் அந்தத் தோலை நீக்குவது யார்?

தட்டின் மேல்தோலுக்கு வெளியே பெரிடெர்ம் என்ற ஒற்றைச் செல் உறை இருக்கிறது. ஒட்டக் கூடாத இடங்களில் ஒட்டாமல் காப்பது இதுதான். தட்டுகள் நெருங்கும் நேரத்தில் நடு விளிம்பில் மட்டும் இந்த உறை உதிர்கிறது. கீழே இருக்கும் மேல்தோல் செல்கள் எதிர்ப்பக்கத்துச் செல்களைப் பற்றிக்கொள்கின்றன. இரண்டு தோல்களும் சேர்ந்து ஒரு தையலாகின்றன. பிறகு அந்தத் தையல் மெலிந்து, அங்கங்கே அறுந்து, முற்றிலும் மறைகிறது. இருபக்க உள்திசுவும் கலந்து ஒன்றாகிறது. தையலில் இருந்த செல்களில் பல தாமாகவே சாகின்றன, சில தையலை விட்டு மேலும் கீழும் நகர்கின்றன, சில பிதுக்கி வெளியே தள்ளப்படுகின்றன. இவை உள்திசுவாகவே மாறிவிடுகின்றன என்று பல காலம் நம்பப்பட்டது. செல்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்த சோதனைகள் அந்தக் கருத்தைப் பெரும்பாலும் தள்ளிவிட்டன.

இதற்கான உத்தரவு டிஜிஎஃப்-பீட்டா3 என்ற புரதத்திலிருந்து வருகிறது. தட்டுகள் தொடுவதற்கு முன்பே நடு விளிம்புத் தோலில் மட்டும் இது தோன்றிவிடுகிறது. 1995இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்த மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கின. தட்டுகள் வளர்ந்தன, எழும்பின, தொட்டன. ஆனால் ஒட்டவில்லை. பிறந்த குட்டிகளால் பால் உறிஞ்ச முடியவில்லை. ஒட்டாத தட்டுகளை வெளியே எடுத்து ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வைத்து இந்தப் புரதத்தைச் சேர்த்தபோது அவை ஒட்டின.

இதற்கு ஒரு சாட்சி நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. நாட்டுக்கோழியின் அலகைத் திறந்து மேல்வாயைப் பார்த்தால் நடுவில் நீளமாக ஒரு பிளவு தெரியும். கோழிகளுக்கு அண்ணம் இயல்பிலேயே மூடுவதில்லை. கோழிக் கருவின் நடு விளிம்புத் தோலில் டிஜிஎஃப்-பீட்டா3 இல்லை. ஆய்வுக்கூடத்தில் அதைச் சேர்த்ததும் கோழியின் தட்டுகளும் ஒட்டின. ஒட்டும் திறமை திசுவுக்குள் இருக்கிறது, உத்தரவு மட்டும்தான் வரவில்லை.

இதே வேலையில் கூட்டாளி ஐஆர்எஃப்6 என்ற மரபணு. பெரிடெர்மும் மேல்தோலும் முறையாக முதிர்வதற்கும், தையல் செல்கள் உரிய நேரத்தில் விலகுவதற்கும் அது வேண்டும். அதில் பழுது வந்தால் வான் டெர் வூட் நோய்க்கூறு வரும். இந்த மரபணு 2002இல் அகப்பட்ட விதம் அழகானது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது, மற்றவருக்கு இல்லை. இருவரின் மரபுத்தொகுப்பும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், வித்தியாசத்தைத் தேடியவர்கள் நேராக ஐஆர்எஃப்6-இல் வந்து நின்றார்கள். இந்த நோய்க்கூறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கீழுதட்டில், நடுக்கோட்டின் இருபக்கமும், குண்டூசித் தலை அளவில் இரண்டு குழிகள் இருக்கும். சிலருக்குக் குழி மட்டுமே இருக்கும், பிளவு இராது. ஆனால் அவர்களின் ஒவ்வொரு குழந்தைக்கும் பழுதான மரபணு போக 50 சதவீத வாய்ப்பு உண்டு. பிளவுடன் குழந்தை பிறந்த வீட்டில் அப்பா, அம்மா இருவரின் கீழுதட்டையும் ஒரு தடவை பார்ப்பது காசில்லாத பரிசோதனை.

10 முதல் 12ஆம் வாரத்துக்குள் இணைப்பு முன்னிருந்து பின்னாக ஓடி உள்நாக்கில் முடிகிறது. முன்பகுதியில் எலும்பு பரவி அது கடின அண்ணமாகிறது. பின்பகுதியான மென்னண்ணத்தில் ஐந்து இணைத் தசைகள் உருவாகி நடுவில் கைகோக்கின்றன. சிலருக்குத் தோல் மூடியிருக்கும், தசை மட்டும் சேர்ந்திருக்காது. பிளந்த உள்நாக்கு, நடுவில் நீலம் பாய்ந்த மெல்லிய கோடு, கடின அண்ணத்தின் பின்விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் பள்ளம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். பேச்சு வரும் வயது வரை யாருமே கவனிக்காமல் விட்டுவிடுவது இந்த வகையைத்தான்.

பேச்சில் அது தெரியும் விதம் தமிழில் மிகத் தெளிவு. வல்லின எழுத்துகளுக்கு வாய்க்குள் காற்றழுத்தம் வேண்டும். மென்னண்ணம் மேலெழுந்து மூக்கு வழியை அடைத்தால்தான் அழுத்தம் நிற்கும். அடைக்காவிட்டால் காற்று மூக்கில் ஒழுகும். மெல்லினத்துக்கு மூக்கில்தான் காற்று போக வேண்டும் என்பதால் அதில் பிரச்சினை இல்லை. எனவே குழந்தை 'அம்மா' என்பதைச் சுத்தமாகச் சொல்லும். 'அப்பா'வும் கிட்டத்தட்ட 'அம்மா' போலவே வரும். அக்கா, தாத்தா, பாட்டி, அத்தை எல்லாம் சிதையும். மூன்று வயதில் இப்படிப் பேசினால் "போகப் போகச் சரியாகிடும்" என்று விடாமல் டார்ச் அடித்து அண்ணத்தைப் பார்க்க வேண்டும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. தாய்மாமன் கட்டிய குடும்பத்தில், ஏதாவது ஒரு மரபணுவின் இரு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து குழந்தைக்கு வர 8இல் 1 வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் 16இல் 1. இரு பிரதியும் பழுதானால் மட்டும் வெளிப்படும் வகைப் பிளவு நோய்கள் இதனால் கூடும். ஆனால் பெரும்பாலான பிளவுகள் அந்த வகையில் சேராதவை. அவற்றில் பலவற்றில் மரபணுவே கெட்டிருக்காது, அதை எப்போது, எவ்வளவு இயக்குவது என்று தீர்மானிக்கும் பகுதியில் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஐஆர்எஃப்6-க்கு அருகிலுள்ள அப்படியொரு மாற்றம் சாதாரண மக்களில் பலரிடமும் இருக்கிறது, உதட்டுப்பிளவு வாய்ப்பைச் சற்றே கூட்டுகிறது. பெற்றோருக்குப் பிளவு இல்லாமல் ஒரு குழந்தைக்கு உதட்டுப்பிளவு வந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 5.

எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், பழுப்பேறிய பற்கள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தக் கறை குழந்தைப் பருவத்தில், நிரந்தரப் பல்லின் எனாமல் உருவாகும் ஆண்டுகளில் ஏறுவது. அண்ணம் மூடி வெகுகாலம் கழித்து நடக்கும் வேறு சங்கதி. ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்க வேண்டியது பல்லுக்கும் எலும்புக்கும்தான். கிரகணமும் அப்படியே. ஏழாம் மாதத்தில் கிரகணம் வந்தால், அதற்குள் அண்ணம் மூடி ஏறத்தாழ மூன்று மாதம் ஆகியிருக்கும்.

உண்மையில் கவனம் வேண்டியவை வேறு. வலிப்புக்கான வால்புரோயேட், ஃபெனிட்டாயின், டோப்பிராமேட், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் ஆகியவை இந்த வாரங்களில் ஆபத்தைக் கூட்டுபவை. வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்துவது தாய்க்கே ஆபத்து. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டும். கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் கட்டுப்படாத சர்க்கரை, புகை, மது ஆகியவையும் சேரும். ஃபோலிக் அமிலம் நாளைக்கு 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்னிருந்து. நரம்புக் குழாய்க் குறையைத் தடுப்பதில் அதன் பலன் உறுதியானது. பிளவு விஷயத்தில் ஆதாரம் அந்த அளவுக்கு வலுவில்லை, ஆனாலும் ஒரே மாத்திரைதான். கர்ப்பிணி அட்டைக் கணக்கில் 12ஆம் வாரத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்துவிட்டு அன்று தொடங்கினால் உதடு ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அண்ணத்திலும் முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும். சாப்பாட்டில் கீரை, அவரை, துவரை நல்லது. கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் ஃபோலேட்டும் அதோடு போய்விடும்.

அதே அட்டைக் கணக்கில் 18 முதல் 20 வார ஸ்கேனில் உதட்டுப்பிளவு பெரும்பாலும் தெரியும். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் தப்பிவிடும். அதனால் பிறந்த அன்றே வாயைத் திறந்து, விரலால் தடவுவதோடு நிறுத்தாமல், வெளிச்சம் அடித்து உள்நாக்கு வரை பார்க்க வேண்டும். பாலை மூக்கில் விடும் குழந்தையை மறுபடி பார்க்க வேண்டும். உறிஞ்சும் அழுத்தம் உண்டாகாது என்பதால், தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, சங்கிலோ பாலாடையிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அடிக்கடி ஏப்பம் விட வைக்க வேண்டும். எடை ஏறுவதுதான் அறுவைச் சிகிச்சைக்கான நுழைவுச் சீட்டு. உதட்டுக்கு 3 முதல் 6 மாதத்தில், எடை சுமார் 4.5 கிலோவும் ஹீமோகுளோபின் 10 கிராமும் இருக்கும்போது செய்கிறார்கள். அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதத்துக்குள். தவறாக எலும்பு விளிம்பில் ஒட்டியிருக்கும் தசைகளைப் பிரித்து நடுவில் சேர்ப்பதுதான் அதில் முக்கியம், ஓட்டையை மூடுவது மட்டும் போதாது. அதே தசைகளில் ஒன்றுதான் நடுக்காதுக் குழாயைத் திறப்பது. ஆகவே இந்தக் குழந்தைகளுக்குக் காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவது சாதாரணம். குழந்தைகள் நலத்துக்கான ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற அரசுத் திட்டத்தின் பிறவிக் குறைபாட்டுப் பட்டியலில் உதடு, அண்ணப்பிளவு இருக்கிறது. அதன் மாவட்ட மையத்துக்கு அழைத்துப் போகும்போது வாயோடு காதையும் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், தையல் ஆறிய பிறகும் ஆண்டுக்கு ஒரு முறையாவது.